கூரையும் தறிதான்

ஓடு உடைந்து மழைநீர் தறிக்குழியில் இறங்கினால் ஆரணியில் அதற்குப் பெயர் வீட்டுப் பழுது இல்லை, வேலை நிறுத்தம். பாவு நனைந்தால் பட்டும் போயிற்று, கூலியும் போயிற்று. வங்கிக்கோ தறி தொழில், கூரை குடித்தனம். நெசவாளர் முத்ரா கடன் 6 சதவீத வட்டிக்குக் கிடைக்கிறது, நூலுக்கும் தறிக்கும். ஓட்டுக்கு அவள் எங்கே போவாள்?

தாலிக்கொடி ஏற்கெனவே அடகில். மிச்சம், மகன் பெயரிலுள்ள கிரெடிட் கார்டு. பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் ரொக்கத்துக்குக் கிடையாது. எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கும். கட்டணம் 2.5 சதவீதம், மாத வட்டி 3.5 சதவீதம் என்று வையுங்கள். 40,000 ரூபாய்க்கு முதல் மாதமே 2,400 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆண்டுக்கு 42 சதவீத வட்டி! கந்துவட்டிக்கு எதிராக 2003இல் சட்டம் இயற்றிய மாநிலம் இது. கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னதையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது.

இதற்கு மேல், 'பெண்களுக்கு நிதி அறிவு' என்று கூட்டம் போட்டுச் சிக்கனம் போதிக்கிறார்கள். கணக்குத் தெரியாதவளா அவள்? இழை எண்ணிப் பிணைக்கிறவள். தார் சுற்றுகிறவளும் அவளே. சேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அவள் உழைப்புக்கு ஒரு வரிப் பதிவு இல்லை. கூலி கணவன் பெயரில் எழுதப்படுகிறது. வருமானச் சான்று இல்லாதவளுக்கு எந்த வங்கி கடன் தரும்? தவணையை அடைப்பதற்கு மட்டும் அவள் கை வேண்டும்.

தறி இருக்கும் வீட்டின் கூரையைத் தொழிற்கருவியாக எழுதுங்கள். கூலிப் புத்தகத்தில் அவள் பெயரையும் எழுதுங்கள். சிக்கனத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.