கானமயிலைத் தேடி

பாலைவனத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நம்மைக் கேட்காத நண்பர் இல்லை. "மெரினாவில் இல்லாத மணலா?" என்று பரிகாசம் செய்தவரும் உண்டு. ஆயினும் அரையாண்டு விடுமுறையில், குடும்ப சகிதமாக ராஜஸ்தானத்து ஜெய்ஸால்மீருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

காலையில் முதலில் சென்றது ஆகல் என்னுமிடம். நகரத்திலிருந்து சுமார் 17 கிலோமீட்டர். ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கு நின்ற பெருவனம் இன்று கல்லாய்ச் சமைந்து கிடக்கிறது. ஓர் அடிமரத்தின் நீளம் 13 மீட்டர்! "இவ்வளவு பெரிய காடே போய்விட்டதா, அப்பா?" என்றாள் நம் சிறு பெண். அந்தக் கேள்வி நாள் முழுவதும் நம்முடன் வந்தது.

அங்கிருந்து பாலைவனத் தேசியப் பூங்காவை அடைந்தோம். ஜெய்ஸால்மீர், பார்மேர் ஜில்லாக்களில் 3,162 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ள பிரதேசம் அது. அதில் மணற்குன்றுகள் ஐந்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் கல்தரையும் புல்வெளியுமே. கால்நடையாகச் சுற்றியபோது வழிகாட்டி ஒரு மரத்தைக் காட்டி, "கேஜ்ரி" என்றார். பார்த்தால், நம் ஆலயங்களில் ஸ்தல விருக்ஷமாக விளங்கும் வன்னி! 1730-ஆம் ஆண்டில், ஜோத்பூருக்கு அருகில், இம்மரங்களை வெட்ட விடாமல் அம்ருதா தேவியும் பிஷ்ணோய் மக்களுமாக 363 பேர் உயிர் நீத்தார்கள் என்பதை அங்கே நின்று நினைக்கையில் உடல் சிலிர்த்தது.

நாம் தேடி வந்தது கானமயிலை. ஒரு மீட்டர் உயரம் நிற்கும் கம்பீரமான பட்சி. ஆண் பறவை 15 கிலோ வரை எடை இருக்கும். தரையில்தான் முட்டையிடும், அதுவும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்றே. எஞ்சியிருப்பவை நூற்றைம்பதுக்கும் குறைவு என்பது மதிப்பீடு.

பிற்பகலில், வெகு தூரத்தில் இரண்டு பறவைகள் தென்பட்டன. வண்டிக்காரர் நம் பக்கம் சாய்ந்து, "ஏதாவது பார்த்துக் கொடுத்தால், பாதையை விட்டு இறங்கிக் கிட்டவே கொண்டுபோகிறேன்" என்றார். மகன் காமிராவை எடுத்துவிட்டான். நாமும் ஒரு கணம் சபலப்பட்டோம் என்பதை மறைப்பதற்கில்லை. பெண்ணின் முகத்தைப் பார்த்ததும், "வேண்டாம் ஐயா, இங்கிருந்தே பார்க்கிறோம்" என்றோம். தூரதிருஷ்டிக் கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். மகனுக்கு மட்டும் வெகுநேரம் கோபம் தணியவில்லை.

திரும்பும் வழியெல்லாம் காற்றாலைகளும் மின்சாரக் கம்பிகளுமே. இப்பறவைக்கு நேரெதிரே பார்க்கும் திறன் குறைவு. கனத்த உடலாதலால் சட்டென்று விலகவும் முடியாமல் கம்பியில் மோதி மடிகிறது. கம்பிகளை நிலத்தடியில் பதிக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு 2021-இல் உத்தரவிட்டது. நடைமுறைச் சிரமங்களைக் கருதி 2024-இல் அதைத் தளர்த்தியது. 2019 முதல் இப்பறவையைக் காப்பகத்தில் வளர்க்கும் முயற்சியும் நடந்து வருகிறது. புகையில்லாத மின்சாரம் தேசத்துக்கு அவசியந்தான். அதற்கு இந்தப் பறவையை விலையாகக் கொடுக்கத்தான் வேண்டுமா?

அன்றிரவு விடுதியில் விளக்கைப் போட்டபோது, அந்த வெளிச்சமும் அக்கம்பிகளின் வழியாகத்தானே வருகிறது என்று தோன்றிற்று. தேவையில்லாத மற்ற விளக்குகளைப் பெண் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தாள். நாம் தடுக்கவில்லை.