சைவம் மட்டும் என்று சொல்வதற்கு முன்

கடன் வாங்கிச் சென்னையில் ஒரு ஃபிளாட் வாங்கி, முதல்முறையாக வாடகைக்கு விடுகிறீர்களா? ‘சைவம் மட்டும்’ என்று புரோக்கரிடம் சொன்னால் போதும். மீதியை அவரே பார்த்துக்கொள்வார். எங்கள் சொந்த ஊரும் அப்பா பெயரும் அவருக்குப் போதும்.

கணக்காகவே பாருங்கள். 15,000 ரூபாய் வாடகை வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் ஆண்டு வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு போச்சு. இஎம்ஐ நிற்காது, மெயின்டனன்ஸும் நிற்காது. தீண்டாமையின் பேரில் குடியிருக்க விடாமல் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ‘சைவம்’ அதற்குப் போட்ட திரை.

கேட்க வேண்டியவை வேலை, வருமானம், பழைய வீட்டில் வாடகை பாக்கி உண்டா என்பவைதான். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் அது கட்டாயம். சாதி விசாரித்து யாரையாவது திருப்பி அனுப்பினால் கமிஷன் கிடையாது என்று புரோக்கரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.