சித்தூர் மாணவருக்கு எந்தப் பியானோ நூல்?

பியானோ பயில்வோர் மூன்றாம் ஆண்டை எட்டும்போது அடுத்து எந்த நூலை வாங்குவது என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. தொடக்கப் பாடநூல் முடிந்திருக்கும். பாக்கின் இன்வென்ஷன்களும் மோட்சார்ட்டின் சொனாட்டாக்களும் இன்னும் கைக்கு எட்டியிரா. இந்த இடைப்பட்ட நிலையில் சலித்துப்போய்ப் பயிற்சியைக் கைவிடுவோர் பலர். சென்னையில் வாழும் மாணவருக்கு விடை தேட வழி உண்டு. 1842-இல் மிஸ்க்வித் நிறுவனமாகத் தொடங்கிய அண்ணா சாலையின் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளில் ஏடுகளைப் புரட்டிப் பார்த்து வாங்கலாம். அங்கிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளி, சித்தூருக்கு அருகே, கங்காதர நெல்லூரில் இருக்கும் மாணவருக்கு அந்த வசதி எளிதில் வாய்க்காது. இணையக் கடையில் அட்டைப்படத்தைப் பார்த்தே நூலை வரவழைக்க வேண்டியிருக்கிறது. இறக்குமதி நூலின் விலையையும் கருதினால், ஒரு குடும்பம் ஆண்டுக்கு ஒன்று வாங்குவதே பெரிது. அந்த ஒரு நூல் தவறானால் ஓராண்டு வீணாகிறது.

வழக்கமாக வாங்கப்படுவன இருவகை. ஒன்று, டிரினிட்டி அல்லது ஏ.பி.ஆர்.எஸ்.எம். கிரேடு தேர்வுக்கான தொகுப்பு. இத்தொகுப்புகளைக் குறை சொல்வதற்கில்லை. பழைய படைப்புகளோடு இன்று வாழும் இசையமைப்பாளர்களின் படைப்புகளும் அவற்றில் இடம்பெறுகின்றன, தரவரிசையும் நம்பத்தக்கது. கோளாறு அவை பயன்படுத்தப்படும் முறையில் இருக்கிறது. தேர்வுக்கு மூன்று படைப்புகள் வேண்டும். எனவே நூலிலுள்ள ஒன்பதிலோ பன்னிரண்டிலோ மூன்றைத் தேர்ந்து பத்து மாதம் மனப்பாடமாகப் பயில்கிறார்கள். மற்றவற்றின் தாள்கள் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவர் புதிய தாள் ஒன்றை முன்னே வைத்தால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைபோலத் தடுமாறுவதன் காரணம் இதுதான். வாசிப்புத் திறன் எண்ணற்ற சிறு படைப்புகளைக் கடந்து வருவதால் வளர்வது. மூன்றைத் தேய்ப்பதால் வளராது.

இரண்டாம் வகை, ‘சமகாலம்’ என்ற சொல்லையே சொந்தமாக்கிக்கொண்டுவிட்ட எளிமைத் தொகுப்புகள். இருமாவின் ‘ரிவர் ஃப்ளோஸ் இன் யூ’, லுடோவிகோ எயினௌடியின் படைப்புகள், திரைப்பாடல்களின் எளிய வடிவங்கள் ஆகியவை இதில் அடங்கும். இவற்றை இழிவாகப் பேசுவது சில ஆசிரியர்களின் வழக்கம், அது தேவையற்றது. மாணவரைக் கருவியின்முன் உட்காரவைக்கும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. ஆயினும் இவற்றின் இடக்கைப் பகுதி பெரும்பாலும் ஒரே உருவத்தைப் பக்கம் பக்கமாகத் திருப்பிச் சொல்கிறது. வலக்கை அதன்மேல் மெட்டைப் பாடுகிறது. ஒரு படைப்பைக் கற்றபின் அடுத்த படைப்பில் கற்பதற்குப் புதிதாக ஏதும் மிஞ்சுவதில்லை. திரைப்பாடல் வடிவங்களில் வேறொரு சிக்கலும் உண்டு. மாணவர் மெட்டை முன்பே அறிவார். ஆகவே தாளைப் படிக்காமலே காதால் இட்டு நிரப்பிவிடுகிறார்.

இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. பயில்வோருக்கென்றே, ஆனால் அவர்களைக் குழந்தைகளாக நடத்தாமல், பெரிய இசையமைப்பாளர்கள் எழுதிய இருபதாம் நூற்றாண்டுத் தொகுப்புகள் அவை. சித்தூர், திருப்பதி வட்டாரத்து மாணவரின் காதுக்கு இவை அயலானவை என்ற எண்ணம் ஆசிரியர்களிடையே பரவலாக உள்ளது. உண்மை அதற்கு நேர்மாறானது. வியன்னா நகரத்துச் சொனாட்டினாக்களைவிட இவையே கருநாடக இசை ஒலிக்கும் சூழலில் வளர்ந்த காதுக்கு நெருக்கமானவை.

பேலா பார்டோக்கின் ‘மிக்ரோகோஸ்மோஸ்’ இதற்குச் சிறந்த சான்று. 1926 முதல் 1939 வரை எழுதப்பட்ட 153 படைப்புகள் ஆறு தொகுதிகளில் அடங்கியுள்ளன. முதல் இரண்டு தொகுதிகளைப் பார்டோக் தம் மகன் பேட்டருக்குக் காணிக்கையாக்கினார். முதற்படைப்புகளில் இரு கைகளும் ஒரே மெட்டை வாசிக்கின்றன. விரல்கள் ஐந்து கட்டைகளைவிட்டு நகர்வதில்லை. பிறகு ஒரு கை மற்றதைப் பின்தொடர்கிறது, எதிர்க்கிறது, பிரிந்து தனி வழி செல்கிறது. மேஜர், மைனர் என்ற இரண்டே வாசல்கள் வழியாக மாணவரை இசைக்குள் அழைக்கும் பழக்கத்தையும் பார்டோக் கைவிடுகிறார். 32-ஆம் எண் டோரியன் முறையில், 34 ஃப்ரிஜியனில், 37 லிடியனில், 48 மிக்ஸோலிடியனில் அமைந்துள்ளன. சுரவரிசையளவில் இவை முறையே கரகரப்பிரியா, தோடி, கல்யாணி, அரிகாம்போதி. மேலைநாட்டு மாணவர் இவற்றை விசித்திர அளவைகளாகப் புதிதாய்க் கற்கவேண்டியிருக்கிறது. கோயில் நாயனத்தையும் திரைப்பாட்டையும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இவற்றின் சுரங்கள் எங்கோ கேட்டவை. பார்டோக் விரும்பிக் கையாளும், நான்காம் சுரம் உயர்ந்து ஏழாம் சுரம் தாழ்ந்த அளவை, மேளகர்த்தா அட்டவணையில் 64-ஆவதான வாசஸ்பதியே.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சுரவரிசை ஒன்றானால் இராகம் ஒன்றாகிவிடாது. 37-ஆம் எண்ணை வாசித்துவிட்டுக் கல்யாணி வாசித்ததாக மாணவர் கருதினால் இரு மரபுக்கும் நட்டம். பியானோவின் கட்டை ஒரு சுரத்தை அடித்துவிட்டு விட்டுவிடுகிறது. அதை அசைக்கவோ இழுக்கவோ இயலாது. கமகம் இல்லாத தோடி, தோடியின் எலும்புக்கூடுகூட அன்று. ஆகவே ஆசிரியர் சொல்லத்தக்கது இவ்வளவே: சுரங்கள் அறிமுகமானவை, அவற்றைக் கொண்டு பார்டோக் செய்யும் வேலை வேறு.

தாளத்தில் இத்தகைய தயக்கத்துக்கு இடமில்லை. நான்காம் தொகுதியில் ‘பல்கேரியத் தாளம்’ என்ற பெயரில் வரும் இரு படைப்புகளுள் 113-ஆம் எண் ஏழு எண்ணிக்கை, 115 ஐந்து எண்ணிக்கை. நூலின் இறுதியிலுள்ள 148 முதல் 153 வரையிலான ஆறு நடனங்களும் அவ்வகையே. 113-இல் ஏழு என்பது இரண்டு, இரண்டு, மூன்று எனப் பிரிகிறது. மூன்றும் நான்குமாக நடக்கும் மிச்ர சாப்பை அறிந்தவர்க்கு இது தலைகீழாகத் தோன்றும். சியாமா சாஸ்திரி கையாண்ட விலோம சாப்பை நினைத்துக்கொண்டால் நேராகிவிடும். 148-இல் ஒன்பது என்பது நான்கு, இரண்டு, மூன்று. நான்குக்கும் மூன்றுக்கும் மட்டுமே பழகிய ஐரோப்பிய மாணவர் மாதக்கணக்கில் எண்ணிப் பழகவேண்டிய இடம் இது. சித்தூர்ப் பகுதியோ லயத்துக்குப் பெயர்பெற்ற ஒரு பாடகரின் மண். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் மாணாக்கரான சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, குருவின் வழியில் கடினமான தாளங்களில் பல்லவி பாடுவதில் தேர்ந்தவர். அந்த மரபின் எச்சம் ஊரில் ஒரு மிருதங்க ஆசிரியரிடமாவது இருக்கும். பியானோ ஆசிரியர் தம் மாணவரை அவரிடம் ஒரு மாதம் அனுப்பினால், 113-ஆம் எண் மெட்ரோனோம் இல்லாமலே விரலில் உட்காரும்.

ஒரு நூலைத் தெரிவு செய்யும்போது மேலைநாட்டுப் பரிந்துரைகள் கருதாத மற்றொன்றும் உண்டு. அது மாணவரின் வீட்டிலிருக்கும் கருவி. மரப்பெட்டியும் கம்பியும் கொண்ட பியானோ சிற்றூர்களில் அரிது. இருப்பது பெரும்பாலும் 61 கட்டைகள் கொண்ட, அழுத்தம் குறைந்த மின்கீபோர்டு. 88 கட்டைகளுக்கு எழுதப்பட்ட படைப்பின் அடிச்சுரங்கள் அதில் இல்லை. பெடல் இருந்தாலும் ஒப்புக்குத்தான். எயினௌடி வகைப் படைப்புகளின் அழகு முழுவதும் பெடலின் நீடிப்பிலும் தொடுகையின் மென்மையிலும் இருப்பதால், எளிதெனக் கருதி வாங்கப்படும் அவையே இக்கருவியில் மிகவும் தோற்றுப்போகின்றன. மிக்ரோகோஸ்மோஸின் முற்பகுதியோ இரு கைகளையும் நடுப்பகுதியிலேயே வைத்திருப்பது. ஓசையின் செழுமையைவிடக் கோடுகளின் தெளிவை நம்புவது. அதற்கு 61 கட்டை போதும். ஆனால் அதிலும் 102-ஆம் எண்ணை விட்டுவிட வேண்டும். ‘ஹார்மோனிக்ஸ்’ என்ற அப்படைப்பில் சில கட்டைகளை ஓசையெழாமல் அழுத்திப் பிடித்து, பிற சுரங்களை அடித்து, திறந்திருக்கும் கம்பிகளை அதிரவைக்க வேண்டும். கம்பியே இல்லாத கருவியில் மாணவர் கேட்பது மௌனம்.

இதே காரணத்தால் ஜ்யோர்ஜ் குர்டாக் 1973 முதல் எழுதிவந்த ‘யாட்டேகோக்’ தொகுப்பையும் முதல் நூலாகப் பரிந்துரைப்பதற்கில்லை. ‘விளையாட்டுகள்’ என்று பொருள்படும் அதில் உள்ளங்கையாலும் முழங்கையாலும் கட்டைகளை அழுத்தும் படைப்புகள் உள்ளன. குழந்தை பியானோவோடு விளையாடும் விடுதலையை அது மீட்டுத் தருகிறது. ஆயினும் அவ்விளையாட்டுக்கு உண்மையான பியானோ வேண்டும். நல்ல கருவியும் துணிந்த ஆசிரியரும் வாய்த்தவர்க்கு அதற்கு இணையில்லை. சோஃபியா குபைதூலினாவின் ‘மியூசிக்கல் டாய்ஸ்’ (1969) பதினான்கு படைப்புகளையும் அவ்வாறே பின்னர்ப் பார்க்கலாம். கபலேவ்ஸ்கியின் 39-ஆம் ஓபஸ், 24 சிறு படைப்புகள், எந்தக் கருவியிலும் எடுபடும். மிக்ரோகோஸ்மோஸின் கறார்த்தன்மை சலிக்கும் நாள்களில் இடையிடையே வாசிக்க உகந்தது. ஜாஸ், ராக் நடைகளை விரும்பும் மாணவருக்குக் கிறிஸ்டோபர் நார்ட்டனின் ‘மைக்ரோஜாஸ்’ வரிசை உண்டு. திரைப்பாடல் தொகுப்புக்குச் செலவிடும் பணத்தை அதற்குச் செலவிடலாம். தாள அழுத்தம் இடம்மாறி விழுவதைத் தாளிலிருந்து படிக்கக் கற்றுத் தருகிறது.

நகலெடுப்பதைப் பற்றியும் ஒளிவின்றிப் பேசவேண்டும். இசைநூல்கள் நகல்கடை வழியாகவே பரவுகின்றன என்பது ஊரறிந்தது. பார்டோக் 1945-இல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழியும்வரை காப்புரிமை நீடிக்கும்; ஆகவே அவருடைய படைப்புகளுக்கு இங்கு அது 2005-ஆம் ஆண்டின் முடிவோடு தீர்ந்தது. நார்ட்டன் வாழும் இசையமைப்பாளர்; அவருடைய நூல் வேறு கணக்கு. கைப்பணம் குறைந்த குடும்பத்துக்கு இந்த வேறுபாடு பயன் தரும். எதை விலைக்கு வாங்கியே தீரவேண்டும், எதற்கு அச்சுச் செலவு மட்டும் போதும் என்பதை ஆசிரியர் சொல்லித்தரலாம்.

இவ்வளவும் பிறர் எழுதிய நூல்களுள் தெரிவு. தமிழ், தெலுங்கு நிலத்திலிருந்து பயில்வோருக்கான பியானோப் படைப்புகள் ஏன் இவ்வரிசையில் வந்து நிற்பதில்லை என்பது இசைத்துறைகள் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி. தொடக்கங்கள் இல்லாமல் இல்லை. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயப் பேண்டு மெட்டுகளுக்குச் சங்கராபரணத்தில் வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். நொட்டுசுவரங்கள் எனப்படும் அவை ஏறத்தாழ நாற்பது. எதிர்த்திசையில், சென்னையில் ஏ.எம். சின்னசுவாமி முதலியார் கருநாடக இசை உருப்படிகளை மேலைநாட்டுக் குறிமுறையில் எழுதி 1893-இல் ‘ஓரியண்டல் மியூசிக் இன் யூரோப்பியன் நொட்டேஷன்’ என வெளியிட்டார். சித்தூர் அப்போது சென்னை மாகாணத்து வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடம். தனி மாவட்டமானது 1911-இல்தான். முதலியாரின் நோக்கம் பாடல்களைக் காப்பது. விரல்களுக்குப் பாடம் அமைப்பதன்று. அவருக்குத் துணைநின்ற சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் எட்டயபுரத்திலிருந்து வெளிவந்தபோது குறிமுறை மீண்டும் உள்நாட்டுச் சுர எழுத்துக்குத் திரும்பியது. அது நியாயமே. கமகத்தை ஐந்து கோடுகள் தாங்கவில்லை. ஆனால் அதன்பின், கமகத்தைப் பியானோவில் பிடிக்க முயல்வதை விட்டு, தாளத்தையும் சுரவரிசையையும் மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக எழுதுவது என்ற வழி போதிய அளவு முயலப்படவில்லை.

சீனத்தில் அது நிகழ்ந்தது. 1934-இல் ருசிய இசையமைப்பாளர் அலெக்சாண்டர் செரெப்னின் ஷாங்காயில் சீனத்தன்மை கொண்ட பியானோப் படைப்புகளுக்குப் போட்டி ஒன்றை அறிவித்தார். வென்றது ஹெ லூடிங்கின் ‘மேய்ப்புச் சிறுவனின் குழல்’. இரு குரல்கள் ஒன்றையொன்று தொடரும், சில பக்கங்களே கொண்ட படைப்பு. இன்றும் சீன மாணவர்கள் அதைப் பயில்கிறார்கள். செரெப்னின் அத்தகைய படைப்புகளைத் தாமே அச்சிட்டும் பரப்பினார்.

சென்னையில் 2008 முதல் கே.எம். இசைக் கல்லூரி இயங்குகிறது. திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் ஸ்ரீ வேங்கடேஸ்வரா இசை நடனக் கல்லூரி இருக்கிறது. ஒன்றில் பியானோ அறிந்தவர்கள், மற்றதில் லயம் அறிந்தவர்கள். இருபது சிறு படைப்புகள் போதும்: 61 கட்டைக்குள் அடங்குபவை, பெடல் வேண்டாதவை, கண்ட சாப்பிலும் மிச்ர சாப்பிலும் விலோமத்திலும் நடப்பவை, ஒரு பக்கத்தைத் தாண்டாதவை. இசைத்துறை ஒன்றின் முனைவர் பட்ட ஆய்வேடாகக்கூட இதை ஏற்கலாம். கங்காதர நெல்லூரிலும் திருத்தணியிலும் உள்ள ஆசிரியர்களிடம் ஓராண்டு கொடுத்துச் சோதித்து, மாணவர் எங்கே தடுக்கிவிழுகிறார் என்று குறித்துத் திருத்தலாம். அது வரும்வரை, ஒரே நூல்தான் வாங்க முடியும் என்னும் வீட்டுக்கு மிக்ரோகோஸ்மோஸின் இரண்டாம் தொகுதி. ஐந்து எண்ணிக்கையும் ஏழு எண்ணிக்கையும் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளையானால், மறு ஆண்டு மூன்றாவதைத் தாண்டி நேரே நான்காவது.