இசைக்குப் பெயர் வைக்கும் வேலை

உடையார்பாளையம் ஜமீனில் பாடிய ஒரு வித்வானுக்கு அவர் பாடிய முறையே பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவர் கனம் கிருஷ்ணையர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புகழோடு இருந்தவர். உடையார்பாளையத்துக்கு அருகிலுள்ள திருக்குன்றத்துக்காரர். அந்நாளில் பாடும் வழிகளைக் கனம், நயம், தேசிகம் என்று மூன்றாகச் சொன்னார்கள். கனம் என்பது நாபியிலிருந்து குரலை எழுப்பி, மூச்சைக் கட்டி, கம்பீரமாகப் பாடுவது. உடம்பில் வலுவும் வருடக்கணக்கில் சாதகமும் இல்லாமல் அது வராது. தஞ்சைக்கு வந்த பொப்பிலி கேசவையா அதில் பெரிய ஆள். அந்த வழியைக் கற்றுக் கைவசப்படுத்திக் காட்டியதால் கிருஷ்ணையர், கனம் கிருஷ்ணையர் ஆனார்.

உ.வே.சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையர் இவரிடம்தான் சங்கீதம் கற்றார். பிறகு அந்தக் குடும்பம் அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று நம் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து ஊர்களில் மாறி மாறித் தங்கிப் பிழைத்த கதையை உ.வே.சா.வின் தன்வரலாறான 'என் சரித்திரம்' படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கனம் கிருஷ்ணையருக்கென்றே உ.வே.சா. தனியாக ஒரு நூலும் எழுதினார். அந்தப் பெயரில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. 'கனம்' என்ற சொல் அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்கிறது. அவர் யாருக்கு மேலே, யாருக்குக் கீழே என்று சொல்லவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் வீட்டில் நடந்த ஒரு வாக்குவாதம். பெரம்பலூரில் பொறியியல் படிக்கும் என் அக்கா மகன் 'அகம்' குழுவின் பாட்டு ஒன்றை ஸ்பீக்கரில் போட்டான். பெங்களூரைச் சேர்ந்த குழு அது. 2007-இல் சன் டிவியின் 'ஊ லலலா' போட்டியில் வென்று வெளியே தெரிந்தது. ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாடுகிறார். தியாகராஜர் கீர்த்தனை, சுற்றிலும் எலெக்ட்ரிக் கிதார், கீபோர்டு, டிரம்ஸ். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர், ஆயுள் முழுக்கத் தவில் வாசித்தவர், கையில் தாளம் போட்டபடியே கேட்டார்.

"தம்பி, இது கீர்த்தனைதானே?"

"இல்லைங்க தாத்தா, இது கர்நாடிக் புரோகிரசிவ் ராக்."

"பாடுறது கீர்த்தனை. பக்கவாத்தியம் மாறியிருக்கு. அதுக்கு ஏன் வேற பேரு?"

"வேற வேலை நடக்குதுங்க தாத்தா. நடுவுல வர்ற கிதார் பகுதியைக் கேளுங்க."

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 'கர்நாடிக் புரோகிரசிவ் ராக்' என்பது அந்தக் குழுவே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். அதைத் தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை. பெரியவர் காதுக்குக் கீர்த்தனையின் பல்லவியும் அனுபல்லவியும் அப்படியே கேட்டன. அந்தக் காதையும் தள்ளிவிட முடியாது.

புரோகிரசிவ் ராக் என்ற பெயர் எங்கே பிறந்தது என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் தெளியும். 1960-களின் இறுதியில் இங்கிலாந்தில் ராக் வாசித்த இளைஞர்கள் சிலருக்கு மூன்று நிமிடப் பாட்டு போதவில்லை. மூடி ப்ளூஸ் குழு 1967-இல் முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. கிங் கிரிம்சனின் முதல் தட்டு 1969-இல் வந்தது. 1972-இல் 'யெஸ்' குழுவின் ஒரே பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. பதினெட்டு நிமிடத்துக்கு மேல். அதே ஆண்டு ஜெத்ரோ டல் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பாட்டாகப் போட்டது. அவர்களுடைய முந்தைய தட்டை, பாட்டெல்லாம் ஒரே கருவைச் சுற்றும் 'கான்செப்ட் ஆல்பம்' என்று விமர்சகர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அப்படியானால் உண்மையிலேயே ஒன்று செய்கிறோம் என்று அந்த வகையையே பகடி செய்து போட்ட தட்டு அது. ஒரு பெயர் கலைஞரை எவ்வளவு தூரம் தள்ளும் என்பதற்கு அது சாட்சி.

இந்த இசையை ஆர்ட் ராக் என்றார்கள், சிம்போனிக் ராக் என்றார்கள், கடைசியில் புரோகிரசிவ் நிலைத்தது. அந்தப் பெயரில் ஒரு தரச்சீட்டு உள்ளேயே தைக்கப்பட்டிருந்தது. நாங்கள் முன்னே போகிறோம் என்றால், மற்றவர்கள் பின்னே நிற்கிறார்கள் என்றுதானே பொருள்? 1976, 77-இல் பங்க் இசை வந்தபோது அதே பெயர் வசையானது. நீட்டி முழக்குபவர்கள், ஆடம்பரக்காரர்கள் என்று ஏசுவதற்கு அந்தச் சொல்லே போதுமாக இருந்தது. இசை அதேதான். பெயரில் இருந்த மெச்சுதல் தலைகீழாகிவிட்டது. அதே காலத்து ஜெர்மன் குழுக்களுக்கு இதைவிட மோசம். பிரிட்டிஷ் பத்திரிகைகள் அவர்கள் இசைக்கு 'கிரௌட்ராக்' என்று பெயர் சூட்டின. கிரௌட் என்பது ஜெர்மானியரை இழிவாகச் சொல்லும் சொல். ஃபவுஸ்ட் என்ற குழு 1973-இல் தன் இசை ஒன்றுக்கு அதையே தலைப்பாக வைத்துப் பதில் சொன்னது.

புரோகிரசிவ் ராக்கின் அடையாளங்களாகச் சொல்லப்படுபவை என்னென்ன? நீளம், பாட்டு வரியே இல்லாத நெடிய வாத்தியப் பகுதி, நான்கில் அடங்காத தாளம். பிங்க் ஃபிளாய்டின் 'மணி' பாட்டு பெரும்பாலும் ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. அது ராக் உலகத்துக்குப் புதுமை. எங்கள் திண்ணைப் பெரியவருக்கு ஏழு என்பது மிஸ்ர சாபு. விரல் தானாகப் போடும். சாமி புறப்பாட்டில் நாதஸ்வரக்காரர் கம்பீரநாட்டையில் மல்லாரி எடுக்கும்போது பாட்டு வரி கிடையாது. ஒரே அமைப்பைக் காலம் மாற்றி மாற்றி வாசிக்கிறார். சாமி தேரடிக்கு வரும் வரை அது வளர்ந்துகொண்டே போகிறது. இதை வைத்து மல்லாரியை நாம் ராக் என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. ஏழு எண்ணிக்கையை வைத்து ஓர் இசையின் பெயரைத் தீர்மானிக்க முடியாது என்பதுதான் இதில் தெரிவது. அந்த இசை எந்த இடத்திலிருந்து எழுந்தது, யாருக்காக வாசிக்கப்படுகிறது, வாசிப்பவர் எதைக் கற்று எதை மீறுகிறார் என்பதெல்லாம் சேர்ந்துதான் பெயர். அந்த வகையில் என் அக்கா மகன் சொன்னதே சரி. ராக் கேட்டு வளர்ந்த காதும் கீர்த்தனை கற்ற தொண்டையும் சந்திக்கிற இடத்துக்கு ஒரு தனிப் பெயர் வேண்டும்.

இளையராஜா 1986-இல் இந்தக் கேள்வியையே ஒரு கேசட்டின் பெயராக வைத்தார்: 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் ஐரோப்பிய இசையமைப்பாளர் பாஹுக்கும் காணிக்கையாகச் செய்த இசை. முன்னணி வயலின் வி.எஸ்.நரசிம்மன். நம் ராகங்களும் ஐரோப்பிய பரோக் காலத்து எதிர்ப்பின்னலும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. அந்நாளில் பெரம்பலூரில் கேசட் கடை என்றால் பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்து, அறுபதோ தொண்ணூறோ காலி கேசட்டில் பதிந்து வாங்குகிற இடம். சாமி பாட்டு ஓர் அடுக்கு, புதுப்படம் ஓர் அடுக்கு, தெம்மாங்கு ஓர் அடுக்கு, திரைக்கதை வசனம் ஓர் அடுக்கு. 'ஹவ் டு நேம் இட்' முதலில் சினிமா அடுக்கில் இருந்தது. ராஜா பெயரைப் பார்த்து வாங்கியவர்கள், குரலே இல்லையே என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். பிறகு கடைக்காரர் அதைக் கல்யாண நாதஸ்வர கேசட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்குப் பதிந்து கொடுத்தபோது கேசட்டின் முதுகில் பச்சை மையால் 'ராஜா – வயலின்' என்று எழுதினார். இசை விமர்சகர்கள் எழுதிய எந்தப் பெயரைவிடவும் அது நேர்மையானது என்று இன்றும் நினைக்கிறேன். யார் செய்தது, எதில் வாசித்தது என்ற இரண்டையும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

2005-இல் மறுபடியும் பெயர்ப் பிரச்சினை வந்தது. மாணிக்கவாசகரின் திருவாசகத்தை புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு இளையராஜா இசையமைத்து வெளியிட்டார். ஊரெல்லாம் அதைத் திருவாசகம் சிம்பொனி என்றது. இசை அறிந்தவர்கள், குரலும் குழுப்பாடலும் வாத்தியக் குழுவும் சேர்ந்து ஒரு சமயப் பனுவலைச் சொல்வதால் இது ஆரட்டோரியோ என்றார்கள். அந்தத் திருத்தம் எனக்கு உதவியது. எங்கே குரல் விலகி வாத்தியம் முன்னே வருகிறது, எங்கே குழு பதில் சொல்கிறது என்று அதன் பிறகுதான் கவனித்துக் கேட்டேன். காதைத் திறந்துவிடும் பெயர் நல்ல பெயர். சிம்பொனி என்றால்தான் பெருமை, மற்றதெல்லாம் ஒரு படி குறைவு என்று நினைத்து அந்தச் சொல்லைப் பிடித்துத் தொங்கியவர்கள் அந்த இசையைச் சரியாகக் கேட்கவே இல்லை. 2025 ஜூலை 27 அன்று ஆடித் திருவாதிரை விழாவில், ராஜேந்திர சோழன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரத்திலேயே இளையராஜா தன் குழுவோடு வந்து சிவனைப் பாடினார். அதை நாங்கள் எங்கள் அரியலூர் மாவட்டத்துக்குக் கிடைத்த பேறாகக் கருதுகிறோம்.

அப்படியானால் பெயர்ச் சண்டை வீண் வேலையா? இல்லவே இல்லை. அரியலூர் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்தது, 2002-இல் மறுபடி சேர்ந்தது, 2007-இல் திரும்பப் பிரிந்தது. மண் அதேதான், மக்கள் அவர்களேதான். ஆனால் மனுவை எடுத்துக்கொண்டு எந்த ஊருக்குப் பஸ் ஏறுவது என்பது ஒவ்வொரு முறையும் மாறியது. இசைக்கு வைக்கும் பெயரும் இப்படித்தான் வேலை செய்கிறது. எந்த மேடை, எந்த நேரம், எவ்வளவு சம்பளம், யார் வாசலில் நிற்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது.

தமிழிசையா, கர்நாடக சங்கீதமா என்ற வாதம் 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாட்டுக்குப் பிறகு கொதித்தது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் பிறந்தது. அந்தச் சண்டையால் மேடையில் தமிழ்ப் பாட்டுகளின் இடம் உயர்ந்தது. தேவாரப் பண்களை ஆராய ஆட்கள் வந்தார்கள். அது நல்லது செய்த சண்டை. இன்னொரு பெயர் மாற்றம் அதற்குச் சற்று முன்னால், 1930-களில் நடந்தது. சதிர் என்றும் சின்ன மேளம் என்றும் அழைக்கப்பட்ட ஆட்டம் பரதநாட்டியம் ஆனது. ஆட்டத்துக்குப் பெருமை வந்தது. தலைமுறை தலைமுறையாக அதைக் காப்பாற்றி வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு மேடை போனது. பெயர் ஏறும்போது அதைச் சுமந்தவர்கள் கூடவே ஏறுகிறார்களா என்று பார்க்க வேண்டியது அவசியம்.

நம் ஊர்களில் பறையின் கதையும் இதுதான். தப்பு என்றும் வெறுமனே கொட்டு என்றும் சொல்லி, சாவு வீட்டோடு கட்டிப்போட்டு, வாசிப்பவரைத் தெருமுனையிலேயே நிறுத்தினார்கள். இன்று அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து இளைஞர்கள் தங்கள் பேனரில் 'பறையிசைக் குழு' என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அந்தப் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்ல அவர்களுக்கு நெடுங்காலம் பிடித்தது. மதுரையைச் சேர்ந்த பறை ஆசான் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அந்தப் பேனர்களுக்கும் ஒரு மரியாதை வந்தது. நாட்டுப்புறக் கலைஞர் என்ற அடையாள அட்டை அவர்களுக்கு நல வாரிய உதவி வாங்கித் தருகிறது. அந்த அளவில் அந்தப் பெயரும் வேண்டும். செவ்வியல் ஒரு பக்கம், நாட்டுப்புறம் ஒரு பக்கம் என்று அதே பெயரை வைத்து மேடையின் உயரத்தையும் சம்பளத்தையும் குறைக்கும்போது அது அநியாயம்.

ஆகவே நான் எந்தப் பெயரையும் ஒரே ஒரு கேள்வியால் சோதிக்கிறேன். அது செய்யும் வேலையைச் சொல்கிறதா, உட்காரும் இடத்தைச் சொல்கிறதா? கனம், மல்லாரி, பறையிசை எல்லாம் வேலையைச் சொல்கின்றன. உயர்ந்தது, லேசானது, முன்னேறியது என்பவை இடத்தைச் சொல்கின்றன. முதல் வகைப் பெயருக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாதாடலாம்; வாதாடுகிறவரின் காது கூர்மையாகும். இரண்டாம் வகைப் பெயரால் யாருக்கும் ஒரு ஸ்வரம்கூடக் கூடுதலாகக் கேட்கப்போவதில்லை.

வாதாடுவதோடு நிறுத்தாமல் நாம் செய்யக்கூடிய காரியமும் ஒன்று உண்டு. திருவிழா நோட்டீஸ்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும் எடுத்துப் பாருங்கள். நாதஸ்வரம், தவில் என்றால் வித்வான்களின் பெயரும் ஊரும் பட்டமும் முறையாக இருக்கும். பறை என்றால் 'மேளதாளம் முழங்க' என்பதோடு முடிந்துவிடும். ஆர்க்கெஸ்ட்ரா என்றால் 'மாபெரும் இன்னிசைக் கச்சேரி'. கீபோர்டு யார், பேட் வாசிப்பது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. வரும் சித்திரைக்கு நோட்டீஸ் அடிக்கும் விழாக் குழுவினர் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். என்ன இசை என்று அதன் பெயரால் எழுதுங்கள். வாசிக்கிற ஒவ்வொருவரின் பெயரையும் அதற்குக் கீழே ஒரே அளவு எழுத்தில் போடுங்கள்.