தானம் கொடுத்த மாடா, நம் தொழுவத்து மாடா?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம் பெரியோர் வாக்கு. நல்ல வாக்குதான். ஆனால் அது தானம் கொடுத்த மாட்டுக்கு மட்டுமே பொருந்தும். நம் தொழுவத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டு போன மாட்டையே கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்திலே மாலை போட்டு, மேளதாளத்தோடு நம் வாசலில் கொண்டு வந்து கட்டினால் அப்போது என்ன செய்வது? பல்லையும் பார்க்க வேண்டும். குளம்பையும் பார்க்க வேண்டும். போகும்போது கூடவே போன கன்று எங்கே என்றும் கேட்க வேண்டும்!

மக்கள் பிரதிநிதிகள் வெளியிடும் உதவித் திட்ட அறிவிப்புகளைப் பற்றியே இதைச் சொல்கிறேன்.

“சிங்கப்பூரைப் பார், அங்கே சர்க்கார் வீட்டுக்கு வீடு வெள்ளி கொடுக்கிறது” என்று நம் தோட்டங்களில் பேசாத ஆள் இல்லை. பெரட்டுக் களத்திலும் பேச்சு, பால் நிறுக்கும் இடத்திலும் பேச்சு. சரி, சிங்கப்பூரையே பார்ப்போம். தீவின் கிழக்கு முனையில் பாசிர் ரிஸ் இருக்கிறது. ஒரு காலத்தில் கம்பத்து வீடுகளும் தோப்புகளுமாக இருந்த கடற்கரை. 1980-களில் அடுக்குமாடி நகரமாக எழும்பிற்று. 2025-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அது பாசிர் ரிஸ் - சாங்கி குழுத்தொகுதி ஆயிற்று. நிதித் துறையின் இரண்டாம் அமைச்சரான இந்திராணி ராஜா உட்பட நான்கு உறுப்பினர்கள் அங்கிருந்து நாடாளுமன்றம் சென்றார்கள்.

அவ்வூர்க் குடும்பங்களின் காதில் அந்த ஆண்டு விழுந்த அறிவிப்புகளைக் கேளுங்கள். ஜனவரியில் சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டு, சிங்கப்பூரர் குடும்பம் ஒன்றுக்கு 300 வெள்ளி. மே மாதத்தில் மேலும் 500 வெள்ளி. ஜூலையில் நாட்டின் 60-ஆம் ஆண்டு நிறைவுக்காக 21 முதல் 59 வயது வரையுள்ள குடிமக்களுக்கு ஆளுக்கு 600 வெள்ளி. அறுபது வயது கடந்தவர்களுக்கு 800 வெள்ளி. 2026 ஜனவரியில் மறுபடியும் குடும்பத்துக்கு 300.

இது சிறு தொகை அல்ல. வாங்கியவர் அடுப்பு எரிந்தது. பாதித் தொகை உணவங்காடிகளிலும் குடியிருப்புப் பேட்டைக் கடைகளிலும்தான் செலவிட வேண்டும் என்று வைத்ததால் சின்னக் கடைக்காரரும் பிழைத்தார். நல்லதை நல்லது என்று சொல்ல நமக்கு வாய் வலிக்காது.

ஆனால் மாடு யாருடையது? 2023 ஜனவரி முதல் நாள் அங்கே பொருள் சேவை வரி 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆயிற்று. 2024 ஜனவரி முதல் நாள் 9 ஆயிற்று. அரிசிக்கும் வரி, சவர்க்காரத்துக்கும் வரி. கோடீஸ்வரனுக்கும் அதே 9, துப்புரவுத் தொழிலாளிக்கும் அதே 9. அந்தச் சுமையைத் தணிக்கத்தான் உத்தரவாதத் தொகுப்புத் திட்டம் என்று சிங்கப்பூர் அரசாங்கமே சொல்லியிருக்கிறது. பற்றுச்சீட்டுகளில் ஒரு பகுதி அதன் கீழ் வந்ததே. ஆகவே அது ஒருவர் கருணையால் வந்த இனாம் அல்ல. எடுத்ததில் ஒரு பங்கு திரும்பி வருகிறது, அவ்வளவே. எடுத்த வரிக்கு முடிவு தேதி கிடையாது. கொடுத்த சீட்டுக்கு முடிவு தேதி உண்டு!

சர்க்கார் நம் பணத்தை நமக்கே திருப்பித் தருவது தவறென்று நான் சொல்லவில்லை. அதை அறிவிக்கும் பிரதிநிதி கொடையாளி வேஷம் கட்டக்கூடாது என்கிறேன். அவர் கணக்கப்பிள்ளை. கணக்கப்பிள்ளை சம்பள நாளில் கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டு, “நான் போட்ட பிச்சை” என்று சொன்னால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா?

பிரதிநிதியின் வேலை அறிவிப்பது மட்டுமல்ல, கேட்பது. இதற்கும் சிங்கப்பூரிலேயே சாட்சி உண்டு. 2007-ஆம் ஆண்டு மார்ச் மாதம். ஜாலான் புசார் குழுத்தொகுதி உறுப்பினர் டாக்டர் லில்லி நியோ நாடாளுமன்றத்தில் எழுந்தார். எதிர்க்கட்சிக்காரர் அல்ல, ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர். வேலை செய்ய முடியாத, ஆதரவில்லாத தனி முதியவருக்குக் கிடைத்த பொது உதவித் தொகை அப்போது மாதம் 260 வெள்ளி. அதை 290 ஆக்குவதாக அரசு சொன்னது. என் தொகுதி முதியோர் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தவிர்த்து நாளை ஓட்டுகிறார்களே, மூன்று வேளைச் சோறு கேட்பது அதிகமா என்று கேட்டார் அந்த அம்மையார். அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், அந்தச் சாப்பாடு உணவங்காடியிலா, ஃபுட் கோர்ட்டிலா, ரெஸ்டாரண்டிலா என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி நாடெங்கும் பேசப்பட்டது. தொகை படிப்படியாக ஏறிற்று: 2019-ல் மாதம் 600 வெள்ளி, 2022-ல் 640 வெள்ளி, அதன் பிறகும் ஏறியது. விலைவாசி ஏற்றமும் அதற்கு ஒரு காரணம்தான். ஆயினும் சபையிலே ஒருவர் வாய் திறந்து கேட்டதால் ஏழையின் சாப்பாட்டுத் தட்டு நாட்டின் கேள்வி ஆயிற்று. அந்த அம்மையார் அன்று 30 வெள்ளி உயர்வை மட்டும் நோட்டீஸ் அடித்து நன்றி சொல்லியிருந்தால் அந்தத் தட்டை யார் பார்த்திருப்பார்கள்?

1955-ல் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் மக்கள் சந்திப்புக் கூட்டத்தைத் தொடங்கியதும் இதற்காகவே. ஜனங்கள் பேச, மந்திரி கேட்க வேண்டும் என்பது அதன் கருத்து. இன்றும் தொகுதிதோறும் வாரந்தோறும் அது நடக்கிறது. நல்ல வழக்கம். ஆனால் அங்கே வந்து வரிசையில் அமரத் துணிந்தவரின் குறைதான் காதில் விழும். வராதவர்?

இங்கேதான் அடி விஷயம் இருக்கிறது. உதவி இரண்டு வகை. ஒன்று, நாம் போய் நிற்க வேண்டியது. இன்னொன்று, தானே வீடு தேடி வருவது. 2005-ல் தொடங்கிய கம்கேர் உதவிக்கு விண்ணப்பம் வேண்டும். வருமானம் காட்ட வேண்டும், பிள்ளைகளின் நிலைமை சொல்ல வேண்டும். 2016-ல் தொடங்கிய சில்வர் சப்போர்ட் திட்டத்துக்கு விண்ணப்பமே வேண்டாம். வாழ்நாளில் குறைந்த சம்பளம் வாங்கிய முதியவர் யார் என்று சர்க்காரே ஏடு பார்த்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை பணம் அனுப்புகிறது. பெற்ற மகன் பார்க்கவில்லை என்று அந்நியரிடம் சொல்ல நா கூசும் தாய்க்கு எது மானம் காக்கும்? நீங்களே சொல்லுங்கள். ஒரே அரசாங்கம் இரண்டு விதமாகவும் நடத்திக் காட்டியிருக்கிறது. ஆகையால் “முடியாது” என்ற பேச்சுக்கு இடமில்லை. மனம் வேண்டும், கேட்கும் வாய் வேண்டும்.

இனி நம் பக்கம் வருவோம். 2025-ல் நம் அரசாங்கம் 18 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவருக்கும் ஆகஸ்டு 31 முதல் மைகார்டு வழியாக 100 ரிங்கிட் கொடுத்தது. விண்ணப்பம் இல்லாமல் வந்ததால் அதை மனமார வரவேற்றோம். ஆனால் பதிவு பெற்ற கடையில்தான் வாங்க முடியும். பட்டணத்தாருக்குக் கடை வீதி முனையில். உள்தோட்டத்து லயத்தில் இருப்பவனுக்கு வாடகை வண்டி பிடித்துப் போகும் தூரத்தில். அறிவிப்பில் 100 என்று இருந்தது. வண்டிக் கூலி எவ்வளவு என்று இல்லை!

ரப்பர் விலை விழும்போது ஈடு செய்யும் உற்பத்தி ஊக்கத்தொகைக்கு அடிப்படை விலை 2024-ல் கிலோ 2 ரிங்கிட் 70 காசிலிருந்து 3 ரிங்கிட் ஆயிற்று. அது சிறு தோட்டக்காரருக்கு. அவர்களும் உழைப்பாளிகளே, நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் பெரிய தோட்டத்தில் கூலிக்கு மரம் வெட்டுகிறவன் “ரப்பருக்கு உதவி” என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு ஓடி வருகிறான். உனக்கு இல்லையப்பா என்று சொல்லும் வேலை கிராணிக்கு! அறிவித்தவர் அந்த முகத்தைப் பார்ப்பதில்லை.

“கிடைப்பதையும் பேசிக் கெடுத்துக்கொள்ளாதே” என்று சிலர் புத்தி சொல்வார்கள். அவர்களுக்கு என் பதில் இது: நமக்கு நிலைத்து நின்றவை எல்லாம் சட்டமாகி வந்தவையே. 1951-ல் மலாயாவில் சேமநிதிச் சட்டம். 1955-ல் சிங்கப்பூரில் மத்திய சேமநிதி. 2025 பிப்ரவரியில் தொடங்கி ஆகஸ்டுக்குள் எல்லா முதலாளிகளையும் கட்டுப்படுத்திய 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம். இவற்றில் எதற்கும் நாம் யாருக்கும் மாலை போட வேண்டியதில்லை. கொடுக்காதவனைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். பற்றுச்சீட்டு வராவிட்டால் யாரை இழுப்பது? மேலும், கூலி போதுமானதாக இருந்தால் பாதிச் சீட்டுக்குத் தேவையே இராது. சீட்டைக் காட்டிச் சம்பளப் பேச்சை அமுக்க எவர் முயன்றாலும் அதற்கு நாம் உடன்படலாகாது.

ஆகவே பாசிர் ரிஸ் ஆனாலும், நம் தொகுதி ஆனாலும், உதவி பற்றி அறிவிக்கும் ஒவ்வொரு பிரதிநிதியிடமும் நான்கு கணக்குக் கேட்போம். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள்? எத்தனை பேர் தள்ளப்பட்டார்கள், என்ன காரணம்? தள்ளப்பட்டவன் யாரிடம், எத்தனை நாளுக்குள், எந்த மொழியில் முறையிடலாம்? இந்த உதவி அடுத்த ஆண்டும் உண்டா, இல்லையா? இந்த நான்குக்கும் பதில் உள்ள அறிவிப்பே அறிவிப்பு. மற்றது விளம்பரம்.

கிராணித் தோழர்களே! நம் கையில் பேனா இருக்கிறது. தோட்டத்தில் யாருடைய மனு தள்ளப்பட்டாலும் பெயர், தேதி, சொல்லப்பட்ட காரணம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மரம் வெட்டும் தோழர்களே, சகோதரிகளே! தள்ளுபடிக் கடிதத்தை வெட்கப்பட்டுக் கிழித்துப் போடாதீர்கள். கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அடுத்த முறை பிரதிநிதி நம் தோட்டத்துக் கோயில் திடலுக்கு வரும்போது மாலைக்குப் பதில் அந்த நோட்டை அவர் கையில் கொடுப்போம். படித்துவிட்டுச் சபையில் எழுந்து கேட்கட்டும். கேட்டுவிட்டு வந்தால், மாலை அப்போது காத்திருக்கும்!