கடல் கடந்த ஊழியம்

அமெரிக்காவில் சால்ட் லேக் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு, மார்மன் சபை என்பதாக ஒரு கிறிஸ்தவச் சபை இருக்கின்றது. அதில், உத்தியோகத்திலிருந்து ஓய்ந்த கிழவனும் கிழவியும் ஜோடியாக அன்னிய தேசங்களுக்கு மத ஊழியத்திற்குப் புறப்படுகின்றார்கள். வைத்தியரிடம் உடம்பைக் காட்டி, பேரன் பேத்திகளை விட்டு, ஓராண்டு ஒன்றரையாண்டு என்று போகின்றார்கள். சம்பளமில்லை, செலவும் அவர்களுடையதே. இன்ன தேசம் வேண்டுமென்று சொல்லலாம். முடிவு செய்வது தலைமைப்பீடம்.

இவர்களைச் சோம்பேறிகள் என்று நாம் சொல்ல மாட்டோம். பிறர் உழைப்பில் வயிறு வளர்க்கும் குருக்கள் கூட்டத்தைவிட இவர்கள் ஆயிரம் பங்கு மேலானவர்களே. ஆபீசில் கணக்கெழுதுகின்றார்கள், குடிதண்ணீர் வேலைகளுக்குத் துணை நிற்கின்றார்கள். ஆனால், கிணறு வெட்டக் கடவுள் எதற்கு என்பதுதான் நமது கேள்வி.

அந்த அம்மாள் புருஷனுக்குச் சமமாகக் கஷ்டப்பட்டும், பெண் என்பதால் அச்சபையில் அவருக்குக் குருப்பட்டம் இன்றும் கிடையாது. கறுப்பு ஆண்களுக்கும் 1852 முதல் அது மறுக்கப்பட்டு, 1978-ல்தான் கடவுள் வெளிப்படுத்தினார் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டது. அப்படியானால் 126 வருஷகாலம் அக்கடவுளின் வாயைக் கட்டியிருந்தது யார்? நியாயம் கடவுளுக்குத் தெரியுமுன் மனிதருக்குத் தெரிந்துவிட்டதல்லவா?

ஆகவே, பெட்டி கட்டும் பெரியவர்களே! ஊழியத்தை விடச் சொல்லவில்லை. மருந்தையும் தண்ணீரையும் கொண்டு போங்கள். வேதத்தை மாத்திரம் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, பக்கத்தில் நிற்கும் மனைவியின் உரிமையைத் தலைமைப்பீடத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்!