தொலைவிலிருந்து கற்போனும் வினாவுந் திறனும்

மாங்குளச் சந்தியிலே நின்று பார்ப்பவர்க்குத் தூரம் என்பது இன்னதென்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்டி – யாழ்ப்பாண வீதி தெற்கு வடக்காக ஓடுகின்றது. கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் சென்றால் முல்லைத்தீவு. மேற்கே துணுக்காயும் மல்லாவியும். 1990ஆம் ஆண்டில் நின்றுபோன புகையிரதம் 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலேதான் மீண்டும் இவ்வூரைக் கடந்து கிளிநொச்சியை அடைந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இப்பகுதிப் பிள்ளைகளின் கல்வி பட்ட பாட்டை இம்மலரின் வாசகர்க்கு விரித்துரைத்தல் மிகையாகும்.

பல்கலைக்கழக அனுமதி கிட்டாதவரும், வயலையும் வயோதிபப் பெற்றோரையும் விட்டு அகல முடியாதவருமாகிய இளைஞர் பலர் இன்று வீட்டிலிருந்தபடியே பட்டம் பெற முயல்கின்றனர். 1980ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும், ஏனைய பல்கலைக்கழகங்கள் நடத்தும் வெளிவாரிப் பட்டப் படிப்புகளும் அவர்க்கு வழி திறந்துள்ளன. இவ்வழி நமக்குப் புதியதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டு தொடங்கி வெளிமாணவர்க்குத் தன் தேர்வுகளைத் திறந்துவிட்டது. பகலிற் படிப்பித்து இரவில் விளக்கடியில் தாமே படித்து அப்பட்டத்தைப் பெற்ற ஆசிரியர்களிடம் பாடங் கேட்ட பழைய மாணவர் நம்முள் இன்றும் உளர்.

எனினும், தொடங்கிய பலர் இடைநடுவிலே நின்றுவிடுகின்றனர். பணமும் வேலையும் காரணங்களாதல் உண்மையே. ஆயின், யான் அறிந்த அளவில், அவற்றினுங் கொடியதொன்று உண்டு: தன் ஐயத்தைத் தொலைவிலுள்ள ஒருவருக்கு எடுத்துரைக்க அறியாமை.

நன்னூலைக் கற்றோர்க்குப் பாயிரத்திற் பவணந்தியார் வகுத்த கணக்கு நினைவிருக்கலாம். ஆசிரியர் சொல்வதைச் செவ்வையாகக் கேட்டுக் கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது காற்பங்கு புலமையே. உடன் கற்பாரொடு பழகுதலால் இன்னொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கோ தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும். வினாவுதலையும் வினாவியதற்கு விடை கூறுதலையும் மாணாக்கன் கடன்களாகவே அவர் வைத்தார். தபாலிலோ தொலைபேசித் திரையிலோ வந்து சேரும் பாடம் இக்கணக்கில் எத்தனை பங்கு? மிகத் தாராளமாக மதித்தாலும் முதற் காற்பங்குதான். மற்றை முக்காற்பங்கையும் மாணாக்கன் தன் வாயாலும் பேனாவாலுமே தேடிக்கொள்ளல் வேண்டும்.

வகுப்பறையில் இக்குறை தோன்றுவதில்லை. பையனின் புருவஞ் சுருங்கிய மாத்திரத்தே ஆசிரியர் கரும்பலகையை அழித்து மறுபடி எழுதுவார். மணி அடித்தபின் பக்கத்து வாங்கில் இருப்பவன் விளக்குவான். வாய் திறவாத பிள்ளையும் அங்கே ஒருவாறு கரையேறிவிடும். தொலைக்கல்வியில் முகம் இல்லை. 2020ஆம் ஆண்டில் நோய்ப் பரவலினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது திரையிற் படிப்பித்த ஆசிரியரைக் கேளுங்கள்: பெயர் எழுதிய கறுப்புக் கட்டங்களைப் பார்த்தே பேசினோம் என்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒட்டுசுட்டான் வீதியை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து ஓர் இளைஞர் என்னைக் காண வந்தார். கெட்டிக்காரர். டிப்ளோமாப் படிப்பொன்றிற் சேர்ந்து, முதல் ஒப்படையை எழுதி அனுப்பியிருந்தார். அது குறைந்த புள்ளியுடன் திரும்பி வந்தது; ஓரத்தில், கேட்கப்பட்டதற்கு விடை இல்லை என ஒரு வரி. அவ்வரியின் பொருள் அவருக்கு விளங்கவில்லை. எட்டு மாதங்கள் அத்தாளை மடித்து வைத்திருந்தார். அதற்குள் அடுத்த பதிவுக்குரிய திகதியும் கடந்து போயிற்று.

“ஏன் தம்பி, எழுதிக் கேட்டிருக்கலாமே?” என்றேன்.

“என்னெண்டு சேர் கேக்கிறது? எப்பிடித் தொடங்கிறது எண்டே தெரியேல்லை. பிழையா நினைச்சிடுவினமோ எண்டு பயமாயும் இருந்தது.”

பதின்மூன்று ஆண்டுகள் நம் பாடசாலைகளில் அமர்ந்தெழுந்த ஒருவரின் விடை இது. அவ்வாண்டுகளில் ஆயிரக்கணக்கான வினாக்களுக்கு அவர் விடை எழுதியிருப்பார். ஒரு வினாவையேனும் தாமாக எழுதுமாறு எவரும் அவரைப் பணித்ததில்லை. என் வகுப்பிற் படித்த பிள்ளைகளையும் யான் அவ்வாறு பணித்ததில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். குறுக்கே கேள்வி கேட்ட பிள்ளையை, “இரு, பாடம் முடியட்டும்” என்று அமர்த்திய நாட்களே அதிகம்.

குறை ஒரு பக்கத்ததன்று. தமிழிற் கற்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் மாத்திரம் அறிவித்தல் அனுப்பும் அலுவலகங்களையும் யான் கண்டிருக்கிறேன். அவை திருந்துங்காறும் பிள்ளை காத்திருத்தல் ஆகாது. பிழையான ஆங்கிலத்திலேனும் எழுதிக் கேட்கத் துணிதல் வேண்டும்.

“சேர், விளங்கேல்லை” என்று மட்டும் ஒரு செய்தி வந்தால், நூற்றுக்கணக்கானோரை வைத்திருக்கும் விரிவுரையாளர் யாது செய்வார்? எந்த அலகு, எந்தப் பக்கம், அதிலே தனக்கு விளங்கியது எவ்வளவு, எந்த இடத்திற் கால் தடுக்கியது என்பனவற்றை நான்கு வரியில் எழுதினால் விடை விரைவில் வரும். (அவ்வாறு எழுதத் தொடங்கியபோதே பாதி ஐயம் தீர்ந்துவிடுவதும் உண்டு. கடிதம் அனுப்பப்படாமலே போகும். அதனால் நட்டம் இல்லை.) இத்துடன், ஒரே பாடத்தைப் பயிலும் இருவரோ மூவரோ மாதம் இருமுறையேனும் ஓரிடத்திற் கூடி, ஒருவர்க்கொருவர் பாடஞ் சொல்லிப் பார்த்தல் வேண்டும். பவணந்தியாரின் அரைப்பங்கு அங்கேதான் இருக்கின்றது.

நம் கல்லூரியில் விவாத அணியும் பேச்சுப் போட்டியும் உண்டு. அவை நன்று. ஆனால் மேடையில் நன்கு முழங்கும் மாணவன் ஒரு பதிவாளருக்குக் கடிதம் எழுதத் திணறுவதைக் கண்டபின், வேறொன்றையும் வேண்டத் துணிகிறேன். உயர்தர வகுப்புகளிற் கிழமைக்கு ஒரு பாடவேளையை வினா எழுதுவதற்கென ஒதுக்குக. அன்று பிள்ளைகள் விடை எழுத வேண்டாம். தமக்கு விளங்காத ஒன்றைப் பற்றி, அப்பாட ஆசிரியரை அறியாதவர் போல, அவருக்கு ஒரு கடிதம் எழுதட்டும். ஆசிரியர் புள்ளியிடாது, எழுத்திலேயே மறுமொழி தரட்டும். பழைய மாணவர் சங்கத்தாரும் இதிற் பங்குகொள்ளலாம். கொழும்பிலும் கடல் கடந்தும் வாழும் நம்மவர் ஒவ்வொருவரும் இரண்டு பிள்ளைகளின் கடிதங்களுக்கு மறுமொழி எழுத ஒருப்பட்டால், கட்டட நிதிக்கு அனுப்பும் காசிலும் அது குறைந்ததாகாது.

அவ்விளைஞரும் யானும் அன்று மாலை என் வீட்டுத் திண்ணையிலிருந்து அவருடைய கடிதத்தை எழுதினோம். மூன்று தாள்கள் கிழிபட்டன. நான்காவது தாளில் எட்டு வரி. பன்னிரண்டாம் நாள் மறுமொழி வந்தது. வினா ஒப்பிடுமாறு கேட்டிருக்க, அவர் இரண்டையும் தனித்தனியே விளக்கி விட்டிருந்தாராம், குறை அவ்வளவே. மறு ஆண்டு அவர் மீளப் பதிவு செய்துகொண்டார். இப்போது என்னிடம் வருவதில்லை. நேரே அவர்களுக்கே எழுதுகிறார்.